புயல் நேரத்துக்கு வீட்டில் எந்த ஜெனரேட்டர் வைக்கலாம்?

“2018 கஜா புயலில் பல நாள் இருட்டில் கிடந்தோம். 1 எச்பி மோட்டார், ஃபிரிட்ஜ், நான்கு ஃபேன் ஓட எந்த ஜெனரேட்டர் போதும்? பிளக் பாயின்ட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கலாமா?” என்பது கேள்வி.

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடவே கூடாது. மெயினை அணைக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை நினைத்துப் பாருங்கள். மீட்டருக்கு அடுத்து டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று போடச் சொல்லுங்கள். ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பிப் போகும் கம்பி) இரண்டையும் சேர்த்தே ஈபிக்கோ ஜெனரேட்டருக்கோ மாற்றும். ஈபியும் ஜெனரேட்டரும் சந்திக்கவே வழியில்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

சரி, அளவு. ஃபேன் ஒன்றுக்கு 75 வாட் வைத்தால் நான்குக்கு 300. ஃபிரிட்ஜும் பெரிதாகக் கேட்காது. படுத்துவது மோட்டார்தான். 1 எச்பி என்பது 746 வாட். ஓடும்போது இழப்பெல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும். கிளம்பும் நொடியிலோ மின்னோட்டம் நாலைந்து மடங்கு எகிறும். அதனால் 5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வாங்குங்கள். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு மோட்டாரைப் போடுவது நல்லது. மோட்டாரே வேண்டாம் என்றால் 2 கேவிஏ தாராளம்.

மழைக்குப் பயந்து வராந்தாவில் வைத்துவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள்; மேலே ஒரு தகரக் கூரை போதும்.