கோபத்துக்கு முகவரி எழுதுபவர்கள்

கேள்வி: சலுகைகளை அள்ளி அறிவிக்கும் கட்சிகள் எல்லாமே வெகுஜனவாதக் கட்சிகள்தானா?

பதில்: இல்லை. சலுகைக்கு எவ்வளவு செலவாகும், பணம் எங்கிருந்து வரும் என்பது பட்ஜெட் விவாதம். எந்தக் கட்சியிடமும் கேட்க வேண்டியது. 'நாங்கள் மட்டுமே மக்கள். எங்களை எதிர்ப்பவர் மக்கள் விரோதி' என்று ஒரு தலைவர் பேசத் தொடங்குவதுதான் வெகுஜனவாதம். அதை ஏற்றுக்கொண்டால் நீதிமன்றம், தேர்தல் ஆணையம், பத்திரிகை எல்லாமே தடைக்கற்களாகத் தெரியும். தேர்தலில் தோற்றால்கூட, 'மக்கள் எப்படித் தோற்பார்கள், மோசடிதான்' என்பார்கள்.

கேள்வி: இதில் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) நிறுவனங்களுக்கு என்ன வேலை?

பதில்: கோபம் ஏற்கெனவே இருக்கும். அதற்கு முகவரி எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. தென்னாப்பிரிக்காவில் அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவுடனான நெருக்கத்தைப் பயன்படுத்தி ஆதாயம் தேடியதாகத் தொழிலதிபர்களான குப்தா சகோதரர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. 2016இல் அவர்களுடைய ஓக்பே நிறுவனம், லண்டனின் பெல் பாட்டிங்கர் என்ற பி.ஆர். நிறுவனத்தை மாதம் 1 லட்சம் பவுண்டுக்கு அமர்த்தியது. 'பொருளாதார நிறவெறி' என்ற கருத்தை மையமாக வைத்துப் பிரசாரம் தயாரானது. நிறவெறி ஆட்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், செல்வம் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே இருந்தது உண்மை. அந்த நியாயமான மனக்குறையை எடுத்து, ஒரு குடும்பத்தின் மீதான கேள்விகளை மறைக்கும் திரையாக்கினார்கள். வெறும் பொய்யைவிட இது மோசம். மறுக்கப் போனவர்கள் வெள்ளையருக்கு வக்காலத்து வாங்குபவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். 2017 செப்டம்பரில் பிரிட்டனின் பி.ஆர். தொழில் சங்கம் பெல் பாட்டிங்கரை வெளியேற்றியது. சில நாட்களில் நிறுவனமே நொடித்துப்போனது. கிளறிவிட்ட இனப்பகைக்கு அது ஈடாகாது.

கேள்வி: பிரசாரத்தில் ஒரு பெரிய தொகையைச் சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்பதற்கான 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பின்போது, விலக வேண்டும் என்ற தரப்பினர் ஒரு சிவப்புப் பேருந்தில், ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். முதல் கேள்வி: இது மொத்தமா, நிகரமா? பிரிட்டனுக்குரிய தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. அந்தத் தள்ளுபடி நாட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. கழித்தால் வாரம் சுமார் 25 கோடி. அடுத்து, திரும்பி வந்தது எவ்வளவு? விவசாய மானியம், பின்தங்கிய பகுதிகளுக்கான நிதி போன்றவற்றையும் கழித்தால் 17 கோடிக்கும் கீழே. கடைசியாக, எதில் எத்தனை பங்கு? அரசின் மொத்தச் செலவில் அது ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

நாட்டின் புள்ளியியல் ஆணையமே அந்தத் தொகை தவறான எண்ணத்தைத் தருவதாகச் சொன்னது. பேருந்து நிற்கவில்லை. '35 இல்லை, 25தான்' என்று எதிர்த்தரப்பு மல்லுக்கட்டியதில், பணம் போகிறது என்ற பேச்சுதான் நாளெல்லாம் ஓடியது. அதனால் மறுப்பு எழுதும்போது சரியான தொகையை முதல் வரியிலேயே சொல்லுங்கள். தவறான தொகையை ஒரே ஒரு முறை குறிப்பிட்டு, எதைக் கழிக்காமல் விட்டார்கள் என்று விளக்குங்கள். அந்தப் பேருந்தின் படத்தை மட்டும் சேர்க்காதீர்கள்.