தண்ணீரில் முக்கினேன், ‘டிக்’ என்றது

அண்ணாச்சி, கொல்லைப்புறத்தில் செங்கல் அடுக்கி உலை போட்டு, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு வெட்டுக்கத்தி அடித்தேன். சிரட்டைக் கரிதான். நல்லாச் சிவக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் முக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், வாயோரத்தில் மயிரிழை மாதிரி விரிசல். எங்கள் ஊர்க் கொல்லர் தண்ணீரில்தானே தோய்க்கிறார்?
- புளியரை வாசகர்

அந்த ‘டிக்’கை நானும் கேட்டிருக்கிறேன், தம்பி. முதல் தடவை கரியைத் திட்டினேன், இரண்டாவது தடவைதான் வாளியைப் பார்த்தேன்.

லாரிப் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும், கூடவே குரோமியமோ சிலிக்கானோ கலந்திருப்பார்கள். இந்த எஃகு எண்ணெயில் ஆறினாலே கெட்டிப்பட்டுவிடும். தண்ணீர் அதைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சுவதால் மெல்லிய வாய்ப்பக்கம் சட்டென்று இறுகிவிடுகிறது, தடித்த முதுகு பின்னால் நிதானமாக இறுகுகிறது, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வாய் கீறிக்கொள்கிறது.

கொல்லர் முக்குவதை இன்னொரு தடவை போய்க் கவனித்துப் பாருங்கள். முழுக் கத்தியையும் போடமாட்டார். வாய் மட்டும் ஒரு விரற்கடை நனையும், உடனே வெளியே எடுத்துவிடுவார். கல்லில் ஒரு தேய் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்கி வைக்கோல் நிறம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார், வந்ததும் மறுபடி தண்ணீர். தோய்ச்சலும், கெட்டித்த வாய் உடையாதபடி கொஞ்சம் இளக்குகிற பதமும் அவருக்கு ஒரே சூட்டில் முடிந்துவிடும். நாமோ ஞாயிற்றுக்கிழமைக் கொல்லர்கள், நமக்கு எண்ணெய்தான்.

கடலை எண்ணெய் போதும். 50, 60 டிகிரிக்குச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள், இளகின எண்ணெய்தான் கத்தியைச் சுற்றி நன்றாக ஓடி வேகமாக ஆற்றும். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பாத்திரம் இரும்பில் இருக்கட்டும், மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடிவிடுங்கள்.

இன்னொன்று, “நல்லாச் சிவக்க” என்று எழுதியிருக்கிறீர்களே, அது எவ்வளவு? மத்தியான வெயிலில் பார்த்தால் இரும்பு சிவந்ததே தெரியாது, நாம் பாட்டுக்கு அதிகமாகக் காய்ச்சிவிடுவோம், எஃகுக்குள் இருக்கும் பொடி மணிகள் பெருத்துப்போய்க் கத்தி பொறுபொறுவென்று உடையும். பொழுது சாய்ந்ததும் நிழலில் செய்யுங்கள். கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும், அதற்குமேல் கொஞ்சம் ஏற்றினால் போதும். கூர்ந்து பார்த்தால் சிவப்புக்குள் ஒரு கருநிழல் மேகம் மாதிரி நகர்ந்து நகர்ந்து மறையும். எஃகு உள்ளுக்குள் மாறுகிறது என்று அர்த்தம். எனக்கு அது கண்ணில் படவே ஒரு வருஷம் ஆச்சு.

முக்குவதற்கு முன்னால் மூன்று தடவை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து காற்றில் ஆறவிடுங்கள், சுத்தியல் அடியில் ஏறிய முறுக்கு இறங்கும். எண்ணெயில் நேராக இறக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் கோணிக்கொள்ளும். ஆறியதும் அரம் வைத்துப் பாருங்கள், கண்ணாடிமேல் போட்டதுபோல வழுக்க வேண்டும். வழுக்குகிறதே என்று அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். பதத்துக்குக் கேக் சுடுகிற அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணிநேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணிநேரம் வையுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள், எண்ணெயையும் நன்றாகத் துடைத்துவிட்டு. நான் துடைக்காமல் வைத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

விரிசல் விட்ட கத்தியை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். விரிசலுக்கு இந்தப் பக்கம் வெட்டி, தேங்காய் கீறுகிற சின்னக் கத்தியாக்கிக்கொள்ளலாம்.

கட்டட வேலையில் மிஞ்சின கம்பி நிறையக் கிடக்கிறது. அதில் கத்தி வருமா? ஜி.ஐ. பைப்பும் இருக்கிறது.
- ஆரியங்காவு வாசகர்

கம்பியில் கார்பன் குறைவு, எவ்வளவு தோய்த்தாலும் வாய் நிற்காது. கொக்கி, கொறடு அடித்துப் பழக அருமையான சரக்கு. தேய்ந்த பழைய அரம் கிடைத்தால் கத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் கார்பன் 1 சதவீதத்துக்கும் மேல். ஜி.ஐ. பைப்பை மட்டும் உலைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேலே பூசின துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி உலுக்கும். உங்கள் பக்கம் ‘ஆல’ (கொல்லுப் பட்டறை) வைத்திருக்கும் கொல்லர்களிடமும் கேட்டுப்பாருங்கள்.

இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு தேடுகிறேன். பாதையோரம் கிடப்பதை எடுக்கலாமா?
- செங்கோட்டை வாசகர்

கூடாது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவர்களைத் தண்டிக்கவென்றே 1966-இல் போட்ட சட்டம் இருக்கிறது. காயலான் கடையில் கனமான இரும்புக் கட்டி எதுவானாலும் வாங்கி, மரமுட்டில் பதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கத்தி செய்தால் போலீஸ் பிடிக்குமா, அண்ணாச்சி?
- கடையநல்லூர் வாசகி

சமையல் கத்தியும் அரிவாளும் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. கத்தியின் அலகு (பிடி நீங்கலான பகுதி) 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதச் சட்டம் வரும், ஆனால் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்ததற்கு அதில் விலக்கு உண்டு. வாள், குத்துவாள் என்று ஆசைப்பட்டால்தான் வம்பு.

சாரல் காலத்தில் ஒரே ராத்திரியில் துரு ஏறுகிறதே?
- குற்றாலம் வாசகர்

ஏறத்தான் செய்யும், இது எவர்சில்வர் இல்லை. மாங்காய் நறுக்கி வருகிற கறுப்பு நல்லது, விட்டுவிடுங்கள். செந்துருவை மட்டும் தேய்த்தெடுத்து, உலர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். தோல் உறையில் மட்டும் போட்டுவைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.