துப்பாக்கியோடு சாப்பிட வருகிறவர்கள்: டெக்சஸ் கடைக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் டிபன் கடை எடுத்திருக்கிறேன். பீர், ஒயினும் உண்டு. சிலர் இடுப்பில் துப்பாக்கி தெரிய வந்து உட்காருகிறார்கள். குடும்பமாக வருகிறவர்கள் மிரளுகிறார்கள். துப்பாக்கிப் படத்தில் குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர் போதுமா? போலீஸ்காரர்களுக்கும் அது பொருந்துமா?

பதில்: ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். லைசென்ஸ் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் இல்லாமலே பலர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அதனால் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லைச் சொல்ல மூன்று பலகை வேண்டும். டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களே அவற்றின் பெயர். மறைத்து வைத்திருக்கும் லைசென்ஸ்காரருக்கு 30.06, வெளியே தெரிய வைத்திருக்கும் லைசென்ஸ்காரருக்கு 30.07, லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05. இப்படிச் சட்டம் எழுதியவர்கள் ஒரு நாளாவது கடை நடத்தியிருந்தால் தெரியும்!

வாசகத்தைச் சட்டத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் போடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரம். பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரியும் நிறம். பிரின்டர் தாளில் இது அடங்காது. கண்ணாடிக் கதவில் வெள்ளை எழுத்து ஒட்டினால் பகல் வெளிச்சத்தில் காணாமல் போகும். கதவைத் திறந்து முட்டுக் கொடுத்தால் பலகை சுவரோடு மறையும்; ஆகவே கதவை விட்டுப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். பார்க்கிங் பக்கத்துப் பின்வாசலையும் மறக்க வேண்டாம். தமிழிலும் எழுதலாம், ஆனால் சட்டக் கணக்கில் அது சேராது.

இங்கேதான் தரகர்கள் நுழைகிறார்கள். "மாட்டாவிட்டால் அபராதம்" என்று மிரட்டிப் பலகைக் கட்டு விற்பார்கள். இந்த மூன்றும் உங்கள் விருப்பம்தான், கட்டாயமில்லை. வாசகம் சட்டமன்றத் தளத்தில் இலவசம்; உள்ளூர் அச்சுக்கடையே போதும். '51%' என்ற சிவப்புப் பலகையையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவில் வரும் இடத்துக்கானது அது. இட்லி விற்கிற கடைக்கு எதற்கு?

பலகையை மீறி வந்தால் 200 டாலர் வரை அபராதம். நீங்கள் நேரில் சொல்லியும் போகாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். எனவே ஒரு முறை பணிவாகச் சொல்லுங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், 911 அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

போலீஸ் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2021 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ உணவகம் ஒன்று, துப்பாக்கி ஊழியர்களுக்குச் சங்கடம் என்று மூன்று சீருடைக் காவலர்களை வெளியேறச் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டது. அங்கே அதோடு முடிந்தது. டெக்சஸில் பொதுமக்களுக்கான கடை, காவலர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 1,000 டாலர் சிவில் அபராதம். அவர் பணியில் இருக்கிறாரா, சீருடையில் இருக்கிறாரா என்பது பொருட்டல்ல. லீவு நாளில் டி-சர்ட் போட்டுக் குழந்தையோடு தோசை சாப்பிட வந்தவருக்கும் இதே பாதுகாப்பு. சர்வர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

ஆனால் நீலச் சட்டை போட்டவரெல்லாம் போலீஸ் இல்லை. தனியார் செக்யூரிட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. பேட்ஜ் இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது. துறையின் புகைப்பட அடையாள அட்டையைக் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அவர் தரும் எண்ணுக்குப் பேசாதீர்கள். நகரத் தளத்தில் காவல் துறையின் அவசரமல்லாத எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அதை எழுதி ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது.