நாற்காலிச் சண்டையும் நாராயணின் ஐந்து புள்ளிகளும்

வாசகர் கேள்வி – பதில்

கே: நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் எடுத்ததே 5 புள்ளிகள்தான், அதுவும் ஆறே ஆறு கார்கள் ஓடிய பந்தயத்தில் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அன்று என்னதான் நடந்தது?
– கல்லூரி மாணவர், வில்லியனூர்

ப: அந்த நண்பர்களிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள் தம்பி. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பயிற்சியில் 13-ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. அந்த வளைவு சரிவாகக் கட்டப்பட்டது, டயர் மேல் விழும் பாரம் மிக அதிகம். வேகத்தைக் குறைக்காவிட்டால் எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என டயர் கம்பெனியான மிஷலினே கைவிரித்துவிட்டது. 20 கார்களில் 14 கார்களுக்கு மிஷலின் டயர்.

வளைவுக்கு முன்னால் வேகத்தை மட்டுப்படுத்த தற்காலிகமாக ஒரு நெளிவு வைத்துத் தாருங்கள் என்று ஃபெராரியைத் தவிர மற்ற ஒன்பது அணிகளும் கேட்டன. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி பிடிகொடுக்கவே இல்லை. சரியான டயர் கொண்டுவராதது உங்கள் தப்பு, அந்த வளைவில் மெதுவாகப் போங்கள் என்பது அவர் வாதம். சட்டப்படி அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த வருடம் இரண்டு பக்கமும் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நின்றது. வருமானப் பங்கு போதாது, தனியாக ஒரு சாம்பியன்ஷிப் தொடங்கிவிடுவோம் என்று கார் கம்பெனிகள் மிரட்டிக்கொண்டிருக்க, ஜனவரியிலேயே ஃபெராரி மட்டும் எஃப்.ஐ.ஏ.வோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அந்தக் கோபத்தோடு ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள் சமாதானமாகி எழுந்திருப்பார்கள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக, டயர் மாற்றவும் பழுது பார்க்கவும் கார்கள் ஒதுங்கும் இடமான பிட்டுக்குள் திரும்பின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் அணியின் காரில் நாராயண் நான்காவதாக வந்தார். மேலே இருப்பவர்கள் போட்ட சண்டைக்கு அவர் பொறுப்பில்லை. கையில் கொடுத்த காரைக் கடைசிவரை ஒழுங்காக ஓட்டி, இரண்டு மினார்டிகளையும் பின்னால் விட்டார். அந்த 5 புள்ளிகளும் அவர் சம்பாதித்தவைதான்.

கே: எஃப்.ஐ.ஏ. தலைவராக முகமது பென் சுலாயம் மறுபடியும் போட்டியின்றி வந்துவிட்டாரே, எதிர்ப்பே இல்லையா?
– முத்தியால்பேட்டை வாசகர்

ப: எதிர்ப்பு இருந்தது, எதிர்த்து நிற்கத்தான் வழியில்லை. தலைவர் பதவிக்கு நிற்பவர் தனியாக நிற்க முடியாது, உலகின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் துணைத் தலைவர்களைச் சேர்த்து முழுப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்களையும் ஏற்கெனவே முன்மொழியப்பட்ட ஆட்களிலிருந்துதான் எடுக்கலாம். 2025-இல் தென் அமெரிக்காவிலிருந்து இருந்தது ஒரே பெயர், ஃபாபியானா எக்லெஸ்டோன். அவர் பென் சுலாயம் பக்கம். கதை அங்கேயே முடிந்தது. எதிர்த்து நிற்கக் கிளம்பியவர்களில் டிம் மேயர் அக்டோபரில் விலகிக்கொண்டார், லாரா வில்லார்ஸ் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனார், நீதிமன்றம் தேர்தலை நிறுத்தவில்லை, டிசம்பர் 12-இல் தாஷ்கண்ட்டில் அன்னபோஸ்ட்!

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே புதுச்சேரியிலேயே வரிசையில் நின்று பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாரிஸில் தலைமையகம் வைத்திருக்கும் எஃப்.ஐ.ஏ.விலோ, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காரை ஓட்டுபவருக்கு ஓட்டே கிடையாது. அந்தந்த நாட்டு கிளப்புகளுக்குத்தான் ஓட்டு. விதி எழுதுவதும் தண்டனை கொடுப்பதும் இந்த அமைப்புதான் என்னும்போது, அதன் நாற்காலிக்கு இரண்டு பேர்கூடப் போட்டியிட முடியாமல் விதியை வைத்திருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கே: ஓட்டுநர்கள் ஒன்றுசேர்ந்து கேட்கக் கூடாதா?
– நெல்லிக்குப்பம் வாசகி

ப: கேட்டிருக்கிறார்கள் அம்மா. 1982 தென் ஆப்பிரிக்கப் பந்தயத்தின்போது, உரிமம் வேண்டுமென்றால் அணியோடு கட்டுண்டு கிட என்கிற மாதிரி ஒரு நிபந்தனை வந்தது. ஓட்டுநர் நிக்கி லாடா முன்னால் நின்றார். ஓட்டுநர்கள் பேருந்தில் ஏறி ஜோஹன்னஸ்பர்க் ஓட்டலுக்குப் போய், யாரும் பிரிந்து போய்விடக் கூடாது என்று ஒரே கூடத்தில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மறுநாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் காரில் ஏறினார்கள். 2024 நவம்பரிலும் ஓட்டுநர் சங்கம் வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. பேச்சில் ஒரு கெட்ட வார்த்தை வந்ததற்கெல்லாம் தண்டனையா, எங்களைப் பெரியவர்களாக நடத்துங்கள், வசூலிக்கும் அபராதப் பணம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நகை நட்டு போடக் கூடாது என்பதுவரை விதி போடுகிறவர்கள் கணக்குக் காட்டத் தயங்கக் கூடாது.

கே: ரெட் புல் அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னரை ஏன் அனுப்பினார்கள்?
– பண்ருட்டி வாசகர்

ப: கம்பெனி காரணம் சொல்லவில்லை. ஆனால் 2022-இல் ரெட் புல் கம்பெனியின் இணை உரிமையாளர் டீட்ரிச் மாட்டெஷிட்ஸ் இறந்த பிறகே உள்ளே கை ஓங்குவது யார் என்ற இழுபறி தொடங்கிவிட்டது. அப்புறம் கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி போனார், 2025 ஜூலையில் ஹார்னரும் போனார்.

கே: எஃப்.ஐ.ஏ. என்ற இந்த அமைப்பே வேண்டாம் என்று கலைத்துவிட்டால் என்ன?
– கடலூர் முதுநகர் வாசகர்

ப: வேண்டவே வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31, சென்னைத் தீவுத்திடல் இரவுப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். கட்சிகள் ஒருபக்கம், வழக்கு ஒருபக்கம், போதாக்குறைக்கு மழை. ஆனாலும் எஃப்.ஐ.ஏ. சான்று கைக்கு வராமல் ஒரு காரும் போட்டிக்குக் கிளம்பக் கூடாது என்பதில் உயர்நீதிமன்றம் உறுதியாக இருந்தது, சான்று வந்த பிறகுதான் ராத்திரி கார்கள் ஓடின. தடுப்புச் சுவர் தாங்குமா, வளைவு பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒரு முத்திரை கையில் இருக்கிற இடம் என்பதால்தான் அங்கே ஒழுங்கான தேர்தல் வேண்டும் என்று இவ்வளவு தூரம் வாதாடுகிறேன்.

கே: பத்தாவது படிக்கும் மகன் பந்தயம் பந்தயம் என்கிறான். எங்கே தொடங்குவது?
– தாய், திருப்பாதிரிப்புலியூர்

ப: ஈ.சி.ஆரில் மட்டும் வேண்டாம். சிங்கப்பெருமாள் கோயிலில் பிரிந்து ஒரகடம் வழியாகப் போனால் இருங்காட்டுக்கோட்டை. சென்னை மோட்டார் பந்தய கிளப்பின் டிராக் அங்கேதான், கார்ட்டிங் டிராக்கும் பக்கத்திலேயே. முதலில் ஒரு பந்தய நாளில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிடித்தால் கார்ட்டிங் பயிற்சி, அதன் பிறகு தேசியப் போட்டிகளுக்கு, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம். செலவு நிறைய ஆகும், அதை மகனிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.