அதிகாரி போனை எடுக்கவில்லை என்றால்?

கேள்வி: ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்புகிறேன். மழை பெய்தால் பாலாற்றில் நுரை பொங்கி வருகிறது. விவசாயிகள் தோல் கம்பெனிகளைக் கைகாட்டுகிறார்கள். கம்பெனிக்காரர்களைக் கேட்டால், ‘எங்கள் கழிவு முழுக்கச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது’ என்கிறார்கள். அதிகாரிகள் போனை எடுப்பதே இல்லை. எழுதி அனுப்பினால் ‘ஆதாரம் எங்கே?’ என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுகிறார். சுற்றுச்சூழல் செய்திக்குத் தகவலை எங்கே போய்த் தேடுவது? (பெயர் வேண்டாம், ஆம்பூர்)

பதில்: தம்பி, உங்கள் ஆசிரியர் கேட்டது சரியான கேள்விதான். அவர் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் இதுவரை யாராவது ஒருவரைப் பேச வைக்கத்தான் அலைந்திருக்கிறீர்கள். முதலில் காகிதத்தைத் தேடுங்கள். அதிகாரி பேசாவிட்டாலும் அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் பேசும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால், அதுவரை வாய் திறக்காத ஆட்களும் திறப்பார்கள்.

பாலாறு விஷயத்தில் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. 1991இல் ‘வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்’ என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். நம் ஊர் நிருபர்களில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். படியுங்கள். எந்த ஆய்வை யார் செய்தார்கள், அரசு என்ன ஒப்புக்கொண்டது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. அதே விவகாரத்தின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து முடிக்கவும், மேற்பார்வைக்கு ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது. உங்கள் ஊரில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டாலே ஒரு செய்தி தேறும்.

ஒரு எச்சரிக்கை. 1996 தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு வருகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்தது. இந்த எண்ணை இன்றைய நிலவரம் போல எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. எந்த எண்ணை எழுதினாலும் அது எந்த ஆண்டுடையது, யார் எடுத்தது என்று அதே வரியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், தேடும்போது ஊர்ப் பெயர் ஏமாற்றும். ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டம். 2019 கடைசி வரை வேலூர் மாவட்டம். அதற்கு முன்னால் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989க்கு முன் திருவண்ணாமலையையும் சேர்த்து வெறும் வட ஆற்காடு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் மிக மோசமாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோதுகூட ‘வேலூர் - வட ஆற்காடு’ என்றுதான் எழுதியது. ‘திருப்பத்தூர்’ என்று தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள். பழைய கோப்பு பழைய பெயரில்தான் தூங்கும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். இதில் பலரும் கேள்வியைத்தான் தப்பாகக் கேட்கிறார்கள். ‘பாலாறு ஏன் மாசுபடுகிறது? ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால், ‘விளக்கம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சட்டப்படி சரி. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: ‘1.10.2024 முதல் 31.12.2024 வரை ஆம்பூர் பகுதியில் பாலாற்றில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள். மாதிரி எடுத்த இடம், தேதியுடன்.’ ஒரு மனுவுக்கு ஒரு விஷயம், குறுகிய கால வரம்பு போதும். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நிருபர் அட்டையும் தேவையில்லை, குடிமகனாக இருந்தால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘இது எங்கள் அலுவலகத்துக்கு உரியதல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாது. உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கழிவுநீர் விடும் தொழிற்சாலைகள் எவ்வளவு நீரை எப்படி வெளியேற்றலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை கொடுக்கிறது. அந்த நிபந்தனைகளைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும், அந்தக் கழிவால் பாதிக்கப்பட்டவரோ அதில் அக்கறை உள்ளவரோ வந்து பார்க்கலாம் என்றும் 1974 நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. புதுத் தொழிற்சாலைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடப்பதாக இருந்தால், அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கிடைக்கும். 30 நாள் முன்னதாகவே கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் வைத்திருப்பார்கள். கூட்டத்தன்று போய் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது.

சரி, ஆட்களுக்கு வருவோம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள். குறைதீர் நாளில் மனு கொடுக்க வந்தவர்களைப் பாருங்கள். பத்து வருடமாக ஒரே கிணற்றுக்காக மனு கொடுக்கும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் மஞ்சப்பையில் நகல்கள் எல்லாம் மடித்து வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை. ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்களும் கூடவே இருக்கும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் கிணறு கெட்டது, அரசுக்கு எப்போது தெரியும் என்பது அங்கேயே கிடைத்துவிடும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம், கிராம சபை இரண்டையும் விடாதீர்கள்.

நுரையைப் பற்றி ஒரு சொல். நுரையைப் படம் பிடித்துவிட்டு ‘தோல் கம்பெனிக் கழிவு’ என்று எழுதிவிடக் கூடாது. ஊர்ச் சாக்கடையில் வரும் சோப்பு நீரும் நுரைக்கும். ஆற்றோர நகரங்களின் சாக்கடையும் அதே ஆற்றில்தான் கலக்கிறது. தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள், பதனிட குரோமியம் சேர்க்கிறார்கள். எனவே கரைந்த உப்பு, குளோரைடு, குரோமியம் மூன்றும் என்ன அளவில் இருக்கிறது என்று பார்த்தால்தான் பேச முடியும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். குரோமியத்துக்கு வரம்பு 0.05. நீங்களே பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். நல்ல ஆய்வகமாகப் பாருங்கள், சுத்தமான பாட்டிலை எப்படி நிரப்ப வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். ஆற்றில் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுங்கள். ஒரே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சாட்ட முடியாது.

கம்பெனிக்குள் வேலை செய்பவர்கள்தான் அதிகம் தெரிந்தவர்கள், அதிகம் பயப்படுபவர்களும் அவர்களே. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாதிரி ஆட்களிடம் தமிழில் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. இந்தியோ வங்காளியோ தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் கம்பெனி மேஸ்திரியாக இருக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் பேசாதீர்கள். பெயர், ஊர், எந்த ஷிப்ட் எதுவும் எழுதாதீர்கள். அவர்கள் அனுப்பும் படத்தில் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கும். வெளியிடும் முன் நீக்கிவிடுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே அச்சேற்றவும் வேண்டாம். எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவட்டும்.

கம்பெனியின் பதிலுக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நாள் கொடுங்கள். ஆசிரியருக்கு அனுப்பும்போது கட்டுரையோடு ஆய்வறிக்கை நகல், மனுக்களின் படம், நீங்கள் அனுப்பிய கேள்விகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். எந்த வரிக்கு எந்தக் காகிதம் என்று ஓரத்தில் எண் போட்டுவிட்டால் அவர் படிக்க வசதியாக இருக்கும்.