மாடலுக்குக் காசு கொடுப்பதா, காலிப்பருக்கா?

கேள்வி: என் பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டின் மேல்தகட்டை வெட்டி, தண்ணீரால் சூட்டைத் தணிக்கும் 240 மி.மீ. ரேடியேட்டர் பொருத்த நினைக்கிறேன். வெட்டுவதற்கு முன் கணினியில் மாடல் போட்டுப் பார்க்க ஆசை. இதே கேபினெட்டின் முப்பரிமாண மாடலை ஒருவர் 1,500 ரூபாய்க்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் கேபினெட்டைக் கையில் வைத்து அளந்தாரா, விளம்பரப் படத்தைப் பார்த்து வரைந்தாரா என்று முதலில் கேளுங்கள். மாடலைத் திரையில் படமாகப் பார்க்க மட்டும் என்றால் இரண்டும் ஒன்றுதான். தகட்டை வெட்டப் போகிறீர்களே, அங்கேதான் வம்பு. கேபினெட் வந்த அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் நீள அகலத்தையும் நம்ப வேண்டாம். பல சமயம் அதில் ரப்பர் காலும் முன்பக்கப் பிளாஸ்டிக் புடைப்பும் சேர்ந்தே இருக்கும்.

நான் சொல்வது, அந்தக் காசில் ஒரு நல்ல ஸ்டீல் டிஜிட்டல் காலிப்பர் (தாடைகளால் நீளத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) வாங்குங்கள். 0.01 மி.மீ. வரை காட்டுவதாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் வருவது அழுத்தினால் வளையும், அதைத் தொடாதீர்கள். மாடல் போடும் மென்பொருளுக்குச் செலவே வேண்டாம்: ஃப்ரீகேட் முழுக்க இலவசம், ஃப்யூஷனும் சொந்த உபயோகத்துக்குச் சில கட்டுப்பாடுகளோடு இலவசமாகக் கிடைக்கிறது.

பலரும் தவறுவது, எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதில். தகட்டின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். மடித்த ஓரம் உருண்டையாக இருக்கும், காலிப்பர் வழுக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். மதர்போர்டை மாட்டும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு திருகுக் கால்) ஒன்றைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து குறியுங்கள். ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான முழு அளவு மதர்போர்டு 305 × 244 மி.மீ., துளைகளின் இடமும் தரநிலையில் உள்ளதுதான். அதனால் போர்டை அளக்க வேண்டியதே இல்லை, மாடலில் அப்படியே உட்கார வைக்கலாம்.

இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் எவ்வளவு என்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. காலிப்பரின் உள் தாடையால் (துளைக்குள் விட்டு விரிக்கும் சிறிய தாடை) ஒரு துளையின் விட்டத்தை எடுத்து, அங்கேயே ஜீரோ பட்டனை அழுத்துங்கள். அப்புறம் அதே தாடையால் இரு துளைகளின் வெளிக்கோடிகளுக்கு இடையே அளந்தால், திரையில் வருவதே மைய தூரம். துளைகள் ஒரே அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 120 மி.மீ. ஃபேன் துளைகளில் இப்படிப் பார்த்தால் 105 வர வேண்டும். வராவிட்டால் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள், ஃபேனை அல்ல.

கேபினெட்டின் ஒவ்வொரு வளைவையும் வரைந்துகொண்டு உட்காராதீர்கள். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு இடைவெளி: மேல்தகட்டுக்கும் போர்டின் மேல் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு? பரவலாகக் கிடைக்கும் ரேடியேட்டர் 27 மி.மீ. தடிமன், ஃபேன் 25, ஆக 52. இடம் அதற்குக் குறைவாக இருந்தால் ராம் (நினைவகக்) குச்சியோடு இடிக்கலாம். அப்போது ரேடியேட்டரைப் பக்கவாட்டுக் கண்ணாடிப் பக்கமாக நகர்த்திப் பாருங்கள், அல்லது ஃபேன்களைக் கூரைக்கு வெளியே மாட்டுங்கள். மாடல் போட்டதன் பலன் இங்கேதான் தெரியும்.

கண்ணாடிப் பலகையில் மட்டும் கை வைக்க வேண்டாம். பதப்படுத்திய கண்ணாடியில் துளை போட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கேள்வி: போனில் ஸ்கேன் செய்தால் போதாதா?

பதில்: போதாது. கறுப்புப் பெயின்ட்டும் பளபளப்பும் கண்ணாடியும் ஸ்கேனைக் குழப்பும். உருவம் கிடைக்கும், அளவு கிடைக்காது.

கேள்வி: 'அசல் அளவு' என்று விற்ற மாடலை வாங்கி, அதன்படி அக்ரிலிக்கை லேசர் கட்டிங் செய்தேன். 4 மி.மீ. இடிக்கிறது. பணம் திரும்புமா?

பதில்: லேசர் தன் பாதையில் சிறிது பொருளை எரித்துவிடும், ஆனால் அது மி.மீ.-இல் ஒரு பங்குதான். 4 மி.மீ. என்றால் அளவே தவறு. விற்பனைப் பக்கத்தில் 'அசல் அளவு' என்று இருந்ததைப் படமெடுத்து வையுங்கள், கேபினெட்டில் காலிப்பரை வைத்தும் ஒரு படம் எடுங்கள். விற்றவருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மின்வணிகம் என்பது டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்துத்தான். பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். மாடல் விலையைக் கேட்பது எளிது. வீணான அக்ரிலிக்கின் விலைக்குச் சண்டை போட வேண்டியிருக்கும், கட்டிங் பில் இருக்கிறதா பாருங்கள். அடுத்த தடவை முதலில் பழைய அட்டைப்பெட்டியில் வெட்டி வைத்துப் பாருங்கள், சரியாக உட்கார்ந்தால் அப்புறம் அக்ரிலிக்.