“வீட்டில் பார்த்த அளவா? அதை விடுங்கள்!” – குடும்ப மருத்துவர் பதில்கள்

கேள்வி: பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) என் ரத்த அழுத்தம் 158/92 என்று வருகிறது, வீட்டிலோ 124/78. வீட்டுக் கருவியை நம்ப முடியாது என்று கூறி, மருத்துவர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்)

பதில்: மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுவதற்கு ‘வெள்ளை அங்கி ரத்த அழுத்தம்’ என்று பெயரே உண்டு. ஆகவே உங்கள் அளவை அவர் பாராமலே ஒதுக்கியது சரியன்று. வீட்டில் எடுக்கும் அளவின் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்லதுதான். ஆனால், எடுத்த விதம் சரியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு: மேற்கையில் பட்டை கட்டும் கருவியைக் கொண்டு, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமர்ந்த பிறகு, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி காண வேண்டும். கோப்பி குடித்த கையோடு எடுக்க வேண்டாம். அடுத்த முறை கருவியையும் எடுத்துச் சென்று, அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு தாதியிடம் கேளுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் மட்டும், தவணை நாளுக்குக் காத்திராமல் சென்று சொல்லுங்கள்.

கேள்வி: என் தாயார் ‘மயக்கமாக வருகிறது’ என்கிறார். நான்தான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். ‘வயதாகிவிட்டது’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: வயதைக் காரணம் காட்டியது சோம்பல். ஆயினும் பழி முழுவதும் மருத்துவருடையது அன்று. நம் ‘மயக்கம்’ என்ற சொல் தலைசுற்றலையும் கண் இருட்டுவதையும் நினைவு தப்புவதையும் ஒருங்கே குறிக்கும்; நீங்கள் அதை ஒன்றாகச் சுருக்கி மொழிபெயர்த்தபோதே மற்றவை விடுபட்டிருக்கும். அறை சுழல்வது உட்காதுக் கோளாறாக இருக்கலாம். எழுந்ததும் இருட்டுவது மாத்திரையால் வரலாம். நினைவு தப்புவது இதயத் துடிப்பின் தாளம் தவறுவதாலும் நேரலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. தமிழ் பேசும் தாதி இருந்தால் உதவி கேளுங்கள். தாயாரையே வாய் திறந்து பேசவிடுங்கள். நானே ஒருமுறை, ‘நெஞ்சு கரிக்கிறது’ என்ற மூதாட்டிக்கு வாயு மருந்து எழுதித் தந்தேன். மறுநாள் அது மாரடைப்பு என்று தெரிந்தது.

கேள்வி: மகளுக்கு மாதவிடாயின்போது தாங்க முடியாத வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

பதில்: ஸ்கேன் சரியாக இருப்பதால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இல்லை என்று ஆகிவிடாது. மாதத்துக்கு எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லவில்லை, எத்தனை மாத்திரை விழுங்கினாள் என்று குறித்துக்கொண்டு, நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தின் வழியாகச் சென்றால் மானியமும் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு எது முக்கியம் என்பதை மருத்துவர் கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, சிங்கப்பூர்க் குடிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, ஒரு மருத்துவரின் ஆலோசனையைச் சக மருத்துவர்களின் கருத்தைக் கொண்டே நீதிமன்றம் எடைபோடும், எனினும், நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவல் தரப்பட்டதா என்பதையும் அக்கருத்து கணக்கில் கொண்டிருக்க வேண்டும். உங்களுக்கு எது முக்கியம் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வியும் அதில் எழும். ஆகவே ‘நான் லாரி ஓட்டுகிறேன், தூக்கம் வரவழைக்கும் மருந்து ஆகாது’ என்று முதலிலேயே சொல்லி, அதைக் குறிப்பில் பதியுமாறும் கேளுங்கள்.